வீட்டில் இருக்க விட்டதற்கு நன்றி

வீரவநல்லூர்,
ஆடி மாதம்

எங்கள் தெருக்காரர்களுக்கும், வெளியே இருந்து எங்கள் வாசலுக்கு வந்து போகிறவர்களுக்கும் வணக்கம்.

நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்ததில் இருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் "பொழுது எப்படிப் போகுது?" என்றுதான் கேட்கிறார்கள். நல்லா போகுது என்றால் நம்புவதில்லை. "சரி சரி, போகப் போகப் பழகிரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் பதில் முழுக்க மனிதர்களாகவே வருகிறது. ஒரு வீட்டில் ஒரு நாள் விசேஷமும் இல்லாமல் வம்பும் இல்லாமல் கழிவதற்கு இத்தனை பேர் வேண்டியிருக்கிறது. நேரில் நன்றி சொன்னால் "இதுக்கெல்லாமா" என்று கையை உதறிவிடுவீர்கள். எழுத்தில் சொன்னால் தப்பிக்க முடியாது.

முதல் நன்றி அடுத்த வீட்டு மதினிக்கு. 2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் பயணிகள் தவித்தார்கள். நான் வெளியூரில் டியூட்டியில் இருந்தேன், அம்மா இங்கே தனியாக. எத்தனை முறை அடித்தாலும் போன் போகவில்லை. கடைசியில் லைன் கிடைத்தபோது மதினிதான் எடுத்தாள். "அத்தை எங்க வீட்டு மச்சுல இருக்காவ. இப்பதான் கஞ்சி குடிச்சாவ. நீ பதறாத" என்றாள். அவ்வளவுதான் பேச்சு, லைன் போய்விட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன், ஓய்வு கிடைத்ததும் வேறு எங்கும் வேலைக்குச் சேரப் போவதில்லை, வீட்டுக்குத்தான் என்று. மதினி, அம்மாவை மாடி மச்சுக்கு ஏற்றியதற்கு மட்டும் இந்த நன்றி இல்லை. அதற்குப் பிறகு நான் வந்து சேரும்வரை ராத்திரி தோறும் எங்கள் தார்சாவில் வந்து படுத்தாயே, அதற்கும் சேர்த்து.

வந்தவுடன் எனக்கு இருந்த பெரிய பிரச்சினை தூக்கம். முப்பது வருஷத்துக்குக் கிட்ட நைட் டியூட்டியும் பகல் டியூட்டியும் மாறி மாறிப் பார்த்த உடம்பு, ஊர் அடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். புற்றுநோய்க்கான சர்வதேச ஆய்வு முகமை, இரவுப்பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது, 2019-ல் அதை மறுபடியும் உறுதி செய்தது. இதை நான் படித்ததும் ஒரு நைட் டியூட்டிக்கு நடுவில்தான். படித்து முடித்துவிட்டு அடுத்த பெட்டுக்கு டிரிப் மாற்றப் போனேன். என்ன செய்வது, யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைத் திருப்பி வைக்க மாத்திரையைவிடக் காலை வெளிச்சம் நல்லது என்று நோயாளிகளுக்குச் சொல்லியே பழகியவள் நான். எனக்கு அதைச் செய்ய வைத்தது கன்னடியன் கால் என்கிற கால்வாய்க் கரையில் நடக்கப் போகிற நம் பெண்கள் கூட்டம். விடிந்ததும் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். வரவில்லை என்றால் விடவும் மாட்டார்கள். வழியெல்லாம் கதை. கன்னட தேசத்தில் இருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி, பசு நடந்த தடத்தைப் பிடித்தே இந்தக் கால்வாயை வெட்டினாராம். பசு படுத்த இடத்தில் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை என்று. சின்ன வயதில் ஆச்சி சொல்லிக் கேட்டதுதான். இப்போது கேட்கும்போது அந்தப் பசு அவசரப்படாமல் நடந்திருக்கிறது என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்களும் அந்த வேகத்தில்தான் நடக்கிறோம். திரும்பி வந்தால் பசி எடுக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்குக் கண் சொருகுகிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நடக்கும்போது மருமகள்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் குறைத்துப் பேசலாம்.

நடந்து வரும் வழியில் அண்ணாச்சி கடை. பேப்பரில் அணை நீர்மட்டம் போட்டிருக்கிற பக்கத்தை மடித்து எனக்கென்று எடுத்து வைத்திருப்பார். பாபநாசம் மொத்தம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்றைக்கு எத்தனை, நேற்றைக்கு எத்தனை என்று பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இப்போது வயல் கிடையாது. இருந்தாலும் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்தார்களா, அடுத்து வரும் பிசானப் பருவத்துக்குத் தாங்குமா என்று தெரியாமல் அம்மாவுக்குக் காபி இறங்காது. வழக்கப்படி ஜூன் 1-ம் தேதி திறக்க வேண்டியது தள்ளிப்போனால் சொந்த வயல் காய்கிற மாதிரி முகம் வாடிவிடும். அண்ணாச்சி, பேப்பருக்கு நீங்கள் காசு வாங்குவதில்லை. அதைக் கருப்பட்டி விலையில் ஏற்றிவிடுகிறீர்கள் என்று மதினி சொல்கிறாள். ஏற்றிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கொத்தனார் அண்ணனுக்கு அடுத்த நன்றி. எங்கள் வீடு பழைய மாதிரி, திண்ணை, நடை, தார்சா, பட்டாசாலை, அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் போகும். ஒவ்வொன்றையும் தாண்ட ஒரு படி. இடுப்பு எலும்பு முறிந்து வந்து சேர்ந்த ஆச்சிகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விழுந்த இடம் இப்படிப்பட்ட படியாக இருக்கும், இல்லையென்றால் ஈரமான குளியலறையாக இருக்கும். கைப்பிடி வைக்கச் சொல்லி நான் உயரம் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே ஒவ்வொரு படியிலும் ஏறச் சொல்லி, தடுமாறும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அங்கே சாக்பீஸால் கோடு போட்டார். தண்ணீர் புழங்குகிற அங்கணத்துத் தரையையும் கேட்காமலே கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டார். அதற்குக் கூலி சொல்லவும் இல்லை. இப்போது அம்மா யாரையும் கூப்பிடாமல் புறவாசல் வரை போய், முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு வந்து, ஆய்ந்து வைக்கிறாள். நான் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. நிம்மதி நிம்மதி என்கிறார்களே, எங்கள் வீட்டில் அதை ஸ்குரூ போட்டுச் சுவரில் முடுக்கியிருக்கிறது.

இனி ஒரு ரகசியத்தை வெளியே விடுகிறேன். நான் வந்த புதிதில் தெருவில் யாருக்குத் தலை சுற்றினாலும் எங்கள் கதவுதான் தட்டப்படும். பிரஷர் பார்க்க, சர்க்கரை ரிப்போர்ட் படித்துச் சொல்ல, மகன் துபாயில் இருந்து அனுப்பிய மாத்திரை எதற்கு என்று கேட்க. இப்போது வராதீர்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. பிறகு திடீரென்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வர ஆரம்பித்தார்கள். தெருவுக்குத் தானாக இரக்கம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். மதினி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா மட்டும் எப்ப வேணாலும். அதுக்கும் இவகிட்ட வராதிய, 108-க்குப் போன் போடுங்க" என்று. எந்த நிர்வாகத்திலும் இவ்வளவு தெளிவான சுற்றறிக்கையை நான் பார்த்ததில்லை. அதை அப்படியே மதித்து நடக்கிற உங்கள் எல்லோருக்கும் நன்றி.

கோயில் திருவிழாவான கொடையை நடத்துகிற கமிட்டிக்கும் மைக்செட் தம்பிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் வருஷா வருஷம் ஒன்று இருக்கும். இந்தத் தடவை அம்மாவை உத்தேசித்து அதைத் தோப்புப் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நான் கேட்டது சத்தத்தைக் குறைக்கத்தான், நிறுத்த இல்லை. வில்லுப்பாட்டு காதில் விழாமல் கொடை எதற்கு? நடுராத்திரிச் சாமக்கொடைக்கு மகுட மேளம் அடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்க, அம்மா பாதித் தூக்கத்தில் "படைப்பு ஆயிருச்சா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நம் ஊரில் சாமி காரியத்துக்கு நடுவில் ஒரு கிழவியின் தூக்கத்தை யோசித்தவர்கள் நீங்கள். எங்கள் வீட்டுக் கொடை வரியைக் கூடுதலாக எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நம் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் அல்வா, ஆனித் தேரோட்டம், குற்றாலம் சீசன் என்றுதான் பேசுவார்கள். எல்லாம் உண்மைதான், எல்லாம் கூட்டமும்தான். சாப்பாட்டிலும் அப்படியே. சொதிக்கு இருக்கிற பெயர் உளுந்தஞ்சோற்றுக்கு இல்லை. சொதி மறுவீட்டு விருந்து, மூன்று பால் எடுக்க வேண்டும், கூட இஞ்சிப் பச்சடி வேண்டும், ஆள் படை வேண்டும். உளுந்தஞ்சோறு அப்படி இல்லை. தோலோடு இருக்கிற தொலி உளுந்தை லேசாக வறுத்து, அரிசியோடு நாலு பல் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் போட்டு வைத்துவிட்டால் அது பாட்டுக்கு வேகும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இதை எனக்கு இப்போதுதான் அம்மா சொல்லித் தருகிறாள். டியூட்டி நாட்களில் கேன்டீன் டப்பாவோடு காலம் போயிற்று. செக்கு நல்லெண்ணெய் கொண்டுவந்து தருகிற தம்பிக்கும், தேங்காய் விலை ஏறிய சமயத்தில் தன் மரத்துக் காயைச் சத்தமில்லாமல் நடையில் வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சாதாரண நாள் மீது எனக்கு ஆசை வரக் காரணம் என் பெட்டுகளில் படுத்திருந்தவர்கள். பெயர் சொல்ல முடியாது, பாதிப் பேர் இப்போது இல்லை. கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எப்ப சிஸ்டர் வீட்டுக்குப் போகலாம்?" என்பதுதான். போய் என்ன செய்வீர்கள் என்று பேச்சுக் கொடுத்தால், ஊட்டிக்குப் போகணும் காசிக்குப் போகணும் என்று சொன்னவர்கள் குறைவு. திண்ணையில் உட்காரணும், ரசம் சாப்பிடணும், மாட்டைப் பார்க்கணும் என்பார்கள். ஒரு லாரி டிரைவர், தன் வீட்டுக் கொடியில் துணி காயப்போட வேண்டும் என்றார். அப்போது சிரித்தேன். இப்போது மொட்டை மாடியில் மேல்காற்றுக்குப் பறக்கிற சேலைக்குக் கிளிப் மாட்டும்போது அவர் நினைப்பு வருகிறது. அவர்களுக்கும் என் நன்றி, எங்கே இருந்தாலும்.

பகலின் நடுப்பகுதி நூலகத்தால் ஓடுகிறது. எல்லா நாளும் இனிக்கிறது என்று சொல்ல மாட்டேன். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் சில நாள் கடிகாரம் அசையவே அசையாது. அந்த நேரத்துக்கென்று நூலகத் தங்கச்சி புத்தகம் எடுத்து வைத்திருப்பாள். போன தடவை தந்தது பிடிக்கவில்லை என்றால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு நன்றி சொல்லும்போது உங்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேருகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ல் போட்ட நூலகச் சட்டத்தின் புண்ணியம். காசு கொடுத்தும் உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள் நம் தெருவில்தான் அதிகம்.

புத்தகத்தோடு நான் படுக்கிற பாய் பத்தமடையில் இருந்து வந்தது. பட்டுப்பாய் வேண்டுமா என்று கேட்ட பாய்க்கார அக்காவிடம், சாதாரணக் கோரைப்பாய் போதும், ஆனால் ஓரம் கெட்டியாக இருக்க வேண்டும் என்றேன். கெட்டியாகத்தான் இருக்கிறது அக்கா. செங்கோட்டை வண்டி ஸ்டேஷனை விட்டுப் போகிற சத்தம் கேட்டால் எழுந்து காபிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. வீடு சொந்த வீடு. திருப்தி மனதில் இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரண்ட் பில் கட்டி அறியாதவர்கள். என் வயதில் இன்னும் பீடி சுற்றுகிற அக்காக்கள் இதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஓய்வாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாயங்காலம் என் திண்ணைக்கு வந்து, மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக்கொண்டே, அம்மாவோடு பேசுகிறீர்களே, நான் அடுக்களையில் நிம்மதியாக வேலை பார்ப்பது அதனால்தான். முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு எழுத வேண்டியவர்கள் ஆதார், ரேஷன் கார்டு நகலோடு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

பால்காரத் தம்பி, பூக்கார ஆச்சி, கேபிள் சரிசெய்த பையன், ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்ட மச்சான் எல்லோருக்கும் நன்றி. திரும்ப வேலைக்கு வரச் சொல்லிப் போன் அடிக்கிற பழைய மருத்துவமனைக்காரர்களுக்கும் நன்றி, கேட்டதற்கு. வரவில்லை.

இப்படிக்கு,
தெருவில் நீங்கள் நர்ஸக்கா என்று கூப்பிடுகிறவள்

பின்குறிப்பு: பிரஷர் மெஷினுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் வரலாம். காபி குடித்திருந்தால் அரைமணி நேரம் கழித்து வாருங்கள், வந்ததும் ஐந்து நிமிஷம் பேசாமல் திண்ணையில் உட்காருங்கள். பேசிக்கொண்டே கையை நீட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். மதினி, இது முக்கியமாக உனக்கு.