வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கட்டும்

திருநகர், மதுரை
பங்குனி மாதம்

அன்பு மகள் உமாவுக்கு,

இங்கு நானும் உன் தம்பி குடும்பத்தாரும் நலம். அங்கு உன் நலமறிய ஆவல். தொலைபேசியில் பேசும்போது, கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, காஸ் வந்ததா, மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். நீயும் ‘சரிம்மா, அப்புறம் பேசுறேன்’ என்று முடித்துவிடுகிறாய். ஆகையால் இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. கையெழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

சென்ற வாரம் பரமக்குடிச் சித்தி வந்திருந்தாள். ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம் உன்னைப் பார்த்தாளாம். சற்றுச் சதை போட்டிருக்கிறாய் என்றும், முகம் தெளிந்திருக்கிறது என்றும், சிரித்துக்கொண்டு நின்றாய் என்றும் சொன்னாள். எந்தச் செய்தியையும் பாதியில் நிறுத்தும் வழக்கமில்லாத அவள் அதோடு நிறுத்திக்கொண்டு, காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில் உன் வீட்டுத் திண்ணை நன்றாக இருந்தது. கோலம் சிறியதானாலும் புள்ளி தப்பவில்லை. கோலத்துக்குப் பின்னால், தூணோரமாக, நீல நைலான் வலை ஒன்று பாதி சரிசெய்த நிலையில் கிடந்தது. பின்னும் ஊசி நூலோடு அதிலேயே செருகியிருந்தது. சட்டைப் பொத்தான் தைக்கவே உனக்குப் பொறுமை கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த நைலான் நூல் காலில் சிக்கினால் ஆளைத் தள்ளிவிடும். இருட்டில் நடமாடாதே, திண்ணை விளக்கைப் போட்டுக்கொண்டு நட.

நான் முக்கியமாக எழுத வந்தது வீட்டைப் பற்றி. வாடகை ஒப்பந்தம் எழுதியாயிற்றா, எழுதியிருந்தால் யார் பெயரில் எழுதியிருக்கிறது என்று நீ இன்னும் சொல்லவில்லை. அது உன் பெயரில் இருக்க வேண்டும். முன்பணம் கொடுத்த ரசீதும் உன் பெயரில் இருக்க வேண்டும். பெங்களூரில் நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. அந்த அடுக்குமாடி வீட்டின் பத்திரத்தில் யார் பெயர் இருந்தது, நீ எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய் என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்ததே.

தம்பி மகன் அரையாண்டில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினான். மாடியில் ஒழுக்கு அடைத்தாயிற்று. இவற்றை விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

காலையில் நாளிதழ் வந்ததும் முன்பெல்லாம் கோயில் செய்திகளைத்தான் முதலில் படிப்பேன். இப்போது ராமநாதபுரம் செய்தி எங்கே என்று தேடுகிறேன். ராமேசுவரத்திலிருந்தோ மண்டபத்திலிருந்தோ போன படகை இலங்கைக் கடற்படை பிடித்தது என்று வந்துவிட்டால், பெயர்ப் பட்டியல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். 1974-இல் கச்சத்தீவு அந்தப் பக்கம் போனதிலிருந்து இந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது; நாம் அங்கே குடியிருந்த காலத்திலும் வந்தது. அப்போதெல்லாம் வகுப்பில் எந்தப் பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்று பார்த்தால் போதும், யார் வீட்டுப் படகு என்று தெரிந்துவிடும். இப்போது பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வயதோடு சேர்த்து வாசிக்கிறேன். எந்தப் பெயரைத் தேடுகிறேன் என்பது எனக்கே தெரியாது. வாசித்து முடித்தபின் நிம்மதியடைவதா வேண்டாமா என்றும் தெரிவதில்லை. உன் தம்பி இதைப் பார்த்துவிட்டு, ‘அக்கா என்ன மீன் பிடிக்கவா போயிருக்கிறாள்?’ என்று கேட்டான். அவனிடம் என்ன சொல்ல?

நாட்டுப்படகில் போகிறவர்கள் பெரும்பாலும் கரையை ஒட்டித்தான் தொழில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விசைப்படகா, நாட்டுப்படகா என்பதைப் பேச்சுவாக்கில் நீ ஒருநாள் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். பொதுவாகத்தான் கேட்கிறேன்.

நாம் மண்டபத்தில் இருந்த வீடு உனக்கு நினைவிருக்கும். மீட்டர்கேஜ் காலத்து ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்ததும், மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் பட்டியல் வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கிணற்றடியில் நான் வைத்து வளர்த்த முருங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னது உண்மைதான். ஆனால் ‘ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு டீச்சர்’ என்றுதான் சொன்னார்கள். அப்பாவின் நாற்காலிக்கு வேறொருவர் வந்ததும் அந்த வணக்கம் அவர் வீட்டுக்குப் போயிற்று. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவரைச் சார்ந்து ஓர் ஊரில் கிடைக்கும் இடம், அந்த ஒருவர் நகர்ந்தால் கூடவே நகர்ந்துவிடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். உன்னைக் குத்திக்காட்டுவதற்காக அல்ல.

நீ யாருக்காகவும் அங்கே போகவில்லை. எட்டாம் வகுப்போடு விட்டுவந்த ஊருக்கு உனக்காகவே திரும்பிப் போனாய். மதுரை உனக்கு ஒருநாளும் சொந்த ஊராகவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கே இருந்தபோதெல்லாம், மொட்டைமாடியில் நின்று, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பாய்; மதுரையில் காற்று எந்தப் பக்கமிருந்தும் வருவதில்லை என்பது வேறு விஷயம். ஆக, உனக்கு முதலில் கிடைத்தது ஊர். மற்றவை பிறகு வந்திருக்கலாம். வந்தால் வரட்டும். அந்த வரிசை மட்டும் மாறிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். நாளைக்கு ஒரு மனத்தாங்கல் வந்தாலும், அந்தத் திண்ணை உன்னுடையதாக இருக்க வேண்டும். அந்தத் தெருவில் நீ தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அதற்குத்தான் ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கட்டும் என்கிறேன்.

பெருமையும் இல்லாமல் இல்லை. கடற்பாசி எடுக்கும் பெண்களோடு நீ நிற்கும் படம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்ததை வெட்டி, பீரோவில் அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய காணொளியையும் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டினேன். விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, பாதத்தில் ரப்பரைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் போய், இடுப்புப் பையில் மரிக்கொழுந்துப் பாசியைச் சேர்த்துக்கொண்டு அந்த அம்மாக்கள் மேலே வந்ததும், கரையில் நின்ற உன்னை ‘உமா’ என்றுதான் கூப்பிட்டார்கள். மேடம் என்றோ, இன்னார் வீட்டுப் பெண் என்றோ கூப்பிடவில்லை. அதை நான் மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டேன். தீவுகளை ஒட்டிய அந்தக் கடலைக் காத்ததற்காகப் பாம்பன் பக்கத்துப் பாசிக்காரப் பெண்மணி ஒருவருக்கு 2015-இல் பன்னாட்டு விருது கிடைத்தது என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஊரில் அத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும், பாசியைத் தின்னும் பொருள் என்றோ விற்கும் பொருள் என்றோ நான் நினைத்ததில்லை. கரையில் ஒதுங்கும் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்காகப் பெங்களூரில் வாங்கிய சம்பளத்தில் கால்பங்கை வாங்கிக்கொண்டு இருப்பது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே. உன் வயதுப் பெண்கள் இரண்டாவது வீட்டுக்குக் கடன் கட்டுகிறார்கள். நீ வாடகை வீட்டுத் திண்ணையில் கோலம் போடுகிறாய். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளித்துப் பாசி மிதவைகள் அறுந்துபோனால், கூலியும் இல்லை, கூட்டமும் இல்லை என்று நீயே சொன்னாய். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். அதுவும் உன் கணக்கில் இருக்க வேண்டும்.

சென்ற மாதம் முழுவதும் மாலையில் நோன்புக் கஞ்சி குடித்ததாகச் சொன்னாய். உடம்புக்கு நல்லதுதான், பூண்டும் வெந்தயமும் போடுவார்கள். பள்ளிவாசலில் வாங்கியதா, வீட்டிலிருந்து வந்ததா என்று சொல்லவில்லை. தினமும் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவதற்கு ஓர் அம்மா அந்த வீட்டில் இருக்கிறார் என்றால், அந்தத் தூக்கை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதே. இங்கிருந்து போகும்போது நான் கட்டிக்கொடுத்த அதிரசத்தில் மீதி இருந்திருக்கும். இல்லையென்றால் இரண்டு வாழைப்பழமாவது வைத்துக்கொடு. வெறும் பாத்திரம் அனுப்பும் வீடு என்று நம்மை நினைத்துவிடக் கூடாது.

நம் சாதிசனம் என்ன பேசும் என்பதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பெங்களூருக்கும் பேசினார்கள். அது அவர்களே பார்த்து வைத்த இடம். மதுரையில் அழகரே வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் ஓரிரவு தங்கிவிட்டுத்தான் போகிறார் என்று ஊரே கதை சொல்கிறது. அப்படிச் சொல்லிக்கொண்டே அவருக்குத் தண்ணீரும் பீய்ச்சி, சர்க்கரைக் கிண்ணத்தில் சூடமும் காட்டுகிறது. சாமிக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்பதும் இதே ஊர்தான். எனவே இங்குள்ள பேச்சு எனக்குப் பெரிய கவலை இல்லை. அங்குள்ள பேச்சு உன்மேல் விழுமா, அந்த வீட்டார்மேல் விழுமா, அப்போது அந்தப் பாசிக்காரப் பெண்கள் உன்னை அதே குரலில் கூப்பிடுவார்களா என்பதுதான் கவலை. நீ யோசித்திருப்பாய். யோசிக்காமல் நீ எதையும் செய்வதில்லை. யோசித்ததை வெளியில் சொல்வதும் இல்லை. அதில் அப்படியே அப்பா.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது அப்பா இருந்திருந்தால், தூக்குப் பாலம் செங்குத்தாக மேலே போவதைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருப்பார். பழைய பாலத்தை ஆட்கள் நின்று கையால் இயக்கிய கதையை அங்கே நிற்பவர்களுக்கெல்லாம் சொல்லியிருப்பார். அந்தச் சாக்கில் உன் வீட்டிலும் இரண்டு நாள் தங்கியிருப்போம். இப்போது எனக்கு முழங்கால் வலி. நீ கூப்பிடவும் இல்லை.

ஆகவே நீதான் வர வேண்டும். திருக்கல்யாணத்தன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் தாலிக்கயிறு மாற்றுவார்கள்; அந்த நாள் உனக்குச் சங்கடமாக இருக்குமென்றால், தேருக்குப் பிறகு, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வா. முந்தைய நாளே வந்துவிட்டால் தல்லாகுளத்தில் எதிர்சேவையும் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, உன் பெண்களும் அந்தச் சமயத்தில் பாசிக்குப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறாய். விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் அப்போது கரையில் வலையைச் சரிசெய்வதைத் தவிர வேலை இருக்காது. தடை நாட்டுப்படகுக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்; ஆனாலும் இரண்டு நாள் படகு கரையில் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

நம் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடு. பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கிறேன். மாடியறையைத் தம்பி காலிசெய்து தருவான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். திருவிழா நாட்களில் பால்காரர் எல்லா வீட்டுக்கும் அளவைக் குறைத்துவிடுகிறார். எத்தனை பேருக்கு என்று நீ சித்திரை பிறப்பதற்குள் எழுதிவிட்டால், கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லி வைப்பேன்.

இப்படிக்கு
அன்புள்ள அம்மா