தேர்வைச் சிலைக்கு முன்னால் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அறுபது வயதுக்கு மேல் கல்லூரியில் சேருகிறவர்கள் பொழுது போகாதவர்கள் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் வரைக்கும் அது உண்மைதான். ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஆஃப்செட் மிஷின் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். டிவி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். பார்க்கச் சகிக்காமல் மகள்தான் பணம் கட்டி, வயது வந்தோருக்கான பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டாள். முதல் வருஷத்தில் ‘கலை ரசனை: ஓர் அறிமுகம்’ என்று ஒரு தாள், ஞாயிறு காலை வகுப்பு. படிப்பு நன்றாகவே இருந்தது. தேர்வுதான் வயிற்றெரிச்சல். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலண்டருக்காக லட்சுமியையும் சரஸ்வதியையும் நாலு கலரில் லட்சக்கணக்கில் அடித்த கை இது. ரவிவர்மா 1894-இல் மும்பையில் சொந்த அச்சகம் வைத்து, கல்லில் வரைந்து தாளில் ஒற்றியெடுக்கும் கல்லச்சில் சாமி படங்களை அடித்தார் என்று மேடம் சொன்னபோது நான் எழுந்து, கலருக்கு ஒரு கல்லா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அன்றைக்கு வகுப்பில் எனக்குத் தனி மரியாதை. ஆனால் எங்களுக்குக் கொடுத்த நோட்ஸ் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். நடராஜர் படத்தில் எது திருவடி, எது அதன் கீழே கிடக்கும் முயலகன் என்றே தெரியவில்லை. எங்கள் அச்சகத்தில் அந்தத் தாளை வேஸ்ட் கட்டில் போட்டிருப்போம்.

மேடத்துக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்ட நான் போன இடம். இந்த முறை நேரே செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடம். ஆளுக்கு ஒரு சிலை, அரை மணி நேரம், செல்போன் பைக்குள், பேச்சு கிடையாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும்.

எனக்குத் திருவாலங்காட்டு நடராஜர். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை, கால்தான் கடுத்தது. ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினேன். அப்போதுதான் அந்த வலது முழங்காலைப் பார்த்தேன். முயலகன் மேல் ஊன்றிய கால் விறைப்பாக நிற்கவில்லை, லேசாக மடங்கியிருக்கிறது. அவ்வளவு எடையும் அதில்தான் இறங்குகிறது. மிஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு அந்த மடிப்பு தெரியும். காலை விறைத்துக்கொண்டு நிற்பவன் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான். இத்தனை வருஷம் கும்பிட்ட உருவத்தில் முழங்காலைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்னோடு படிக்கிற ஒரு அம்மா புதுப்பேட்டையில் பிளவுஸ் தைப்பவர். அவருக்குத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். “சார், மூணு கைதான் இருக்கு, பார்த்தீங்களா?” என்று வெளியே வந்ததும் கேட்டார். ஆண் பக்கம் இரண்டு, பெண் பக்கம் ஒன்று. துணியையும் விடவில்லை. ஆண் பாதியில் தொடையோடு நின்றுவிடுகிறது, பெண் பாதியில் கணுக்கால் வரை இறங்குகிறது, ஆனாலும் இடுப்பில் இரண்டும் சேருகிற இடம் உறுத்தவில்லை என்றார். “நான் தைச்சிருந்தா ஒட்டு தெரிஞ்சிருக்கும்.” மேடம் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் படிக்கட்டில் உட்கார வைத்து வார்ப்பு முறையைச் சொன்னார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே பிளேட்டில் எத்தனை ஆயிரம் தாள் எடுக்கலாம் என்று பார்த்தே காலம் போனவன் நான். இவர்கள் ஒன்றே ஒன்றுக்காக அச்சு செய்து அதையும் உடைக்கிறார்கள்.

இந்த நடராஜரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் எழுதிய கட்டுரை 1921-இல் வெளிவந்ததாம். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை, போட்டோவைப் பார்த்துத்தான் எழுதினார். அப்படியானால் ஜெராக்ஸ் போதாதா என்று கேட்பீர்கள். போட்டோவும் ஜெராக்ஸும் ஒன்றல்ல என்று ஓர் அச்சுக்காரனாக என்னால் சத்தியம் செய்ய முடியும். தவிர, அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக, எந்த நூற்றாண்டு, வார்ப்பு முறையின் படிகளை எழுதுக. மூன்று மணி நேரத்தில் ஒரு படம்கூட எங்கள் கண்ணில் காட்டவில்லை. நான் இரண்டு நாள் உருப்போட்டு நல்ல மார்க்கே வாங்கினேன். தையல்கார அம்மா பெயில். மெஷினை மிதித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் நூற்றாண்டுகளை மனப்பாடம் செய்ய அவரால் முடியவில்லை. ரசனைத் தாளில் அவர் பெயில், நான் பாஸ் என்றால் அந்த மார்க் ஷீட்டை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

இப்படிப்பட்ட படிப்புகளை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள், பாதி மார்க்கையாவது சிலைக்கோ ஓவியத்துக்கோ முன்னால் நிறுத்தி எழுதச் சொல்லிப் போடுங்கள். எழும்பூருக்கு வர முடியாதவர்கள் மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்கட்டும். அது இங்கே கலைப் பள்ளி முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்தது, 1959-இலிருந்து வெட்டவெளியில் நிற்கிறது, டிக்கெட்டும் கிடையாது. அதற்கெல்லாம் எப்படி மார்க் போடுவது என்பார்கள். டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்களே, அப்படித்தான்.

தையல்கார அம்மா திரும்ப எழுதப் பணம் கட்டிவிட்டார். நூற்றாண்டுகளை நான் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆஃப்செட் மிஷின்மேன்,
திருவல்லிக்கேணி, சென்னை.

(பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் அங்கே பரீட்சை பாக்கி இருக்கிறது.)