பள்ளிக்குத் திரை வாங்கிக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரும் மில் முதலாளிகளுக்கும், பனியன் கம்பெனிக்காரர்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

கொட்டேஷன் வாங்கும்போது "எத்தனை இன்ச்?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். "ஸ்லைடரை யார் நகர்த்துவது?" என்று கேட்டுவிட்டு இன்ச்சுக்கு வாருங்கள். ஸ்லைடர் என்றால், எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் இழுக்கும் குமிழ்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களும் (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்), கணித வரைபடம் வரையும் ஜியோஜீப்ரா மென்பொருளும் பள்ளிகளுக்கு இலவசம்; ஃபெட்டில் பல தமிழிலேயே இருக்கின்றன. இவற்றில், கோடு எங்கே போகும் என்று முதலில் சொல்லிவிட்டு, தானே நகர்த்தி, சொன்னது தப்பிப்போவதைப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் பாடம் ஏறும். நாற்பது பேர் வகுப்பில் 75 இன்ச் பலகை ஒன்றுதான் என்றால் ஒரு பிள்ளைக்கு அது சோதனை, மற்ற 39 பேருக்கு வீடியோ.

அதற்காக ஆளுக்கொரு செல்போன் கொடுத்தாலும் ஆகாது. ஜியோஜீப்ரா ஸ்லைடர் வழக்கமாக -5 முதல் 5 வரை, 0.1 அளவில் நகரும். அதாவது நூறு படி. செல்போனில் அந்த ஸ்லைடர் 4 செ.மீ. நீளம் வந்தால் ஒரு படிக்கு 0.4 மி.மீ. விரல் நுனியே ஏறக்குறைய ஒரு செ.மீ. அகலம். 2.3-இல் நிறுத்தச் சொன்னால் 1.9-க்கும் 2.6-க்கும் தாவும், எண்ணையும் விரலே மறைத்துக்கொள்ளும். பிள்ளை, பார்க்க வேண்டிய பரவளையக் கோட்டை விட்டுவிட்டு ஸ்லைடரோடு மல்லுக்கட்டும். செல்போன்தான் கதி என்றால் படியை 0.5 ஆக்கச் சொல்லுங்கள். இருபது படி, ஒவ்வொன்றும் 2 மி.மீ., கைக்கு அடங்கும். கணினியில் இந்தத் தொல்லையே இல்லை: ஸ்லைடரைத் தேர்ந்துகொண்டு அம்புக்குறி விசையைத் தட்டினால் ஒவ்வொரு படியாகப் போகும். ஹைடெக் லேபில் மவுஸும் கீபோர்டும் சரியாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம். எங்களைக் கேட்டால், இரண்டு பேருக்கு ஒரு 10 இன்ச் டேப்லெட். மூன்றாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

பெரிய பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் செய்து முடித்ததும் "உனக்கு ஏன் அப்படி வந்தது?" என்று சேர்ந்து பேச அது வேண்டும். ஆனால் 65 இன்ச் பலகையின் உயரம் 81 செ.மீ.தான். 8 மீட்டர் தள்ளி இருக்கும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து 2.3 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ண, ன இரண்டும் தூரத்தில் ஒன்றாகிவிடும். சிமுலேஷனில் வரும் பெயர்கள் பெரும்பாலும் இதைவிடச் சின்னவை. ஆகவே ஆசிரியர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அல்லது திரையைப் பெரிதாக்க வேண்டும்.

மாட்டும் உயரத்தையும் கவனியுங்கள். 75 இன்ச் பலகை 93 செ.மீ. உயரம். கீழ் விளிம்பை 75 செ.மீ.யில் வைத்தால்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல் மெனு எட்டும். தொடுவதை விளிம்புச் சட்டத்தில் ஓடும் இன்ஃப்ராரெட் கதிரால் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) கண்டுபிடிக்கும் பலகையைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். சாக்பீஸ் தூள் விளிம்பில் படிந்தால் யாரும் தொடாமலே ஸ்லைடர் ஓடும். நேர் வெயில் விழுந்தாலும் இதே கதை.

புரொஜெக்டர் என்றால் 3000 லூமன் ஒளி 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் சுவரில் பரவும்போது சதுர மீட்டருக்கு 1000 லூமன், அதாவது 1000 லக்ஸ். ஜன்னல் வெளிச்சம் அதே சுவரில் 500 லக்ஸ் விழுந்தால் வெள்ளை, கருப்பைவிட மூன்று மடங்குதான் பளிச்சென்று இருக்கும். மஞ்சள் கோடு காணாமலே போகும். அடர்நீலத்தில் தடிப்பாக வரையச் சொல்லுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிப் பஞ்சு ஃபில்டரை அடைத்துவிடும், சூடேறி நடுப்பாடத்தில் அணைந்துபோகும். வாரம் ஒருமுறை ஃபில்டரைத் துடைக்க ஆள் சொல்லி வையுங்கள்.

விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் திரை) இப்போதைக்கு வேண்டாம். டென்மார்க்கின் மக்ரான்ஸ்கி குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வக சிமுலேஷனை ஹெட்செட்டில் செய்த கல்லூரி மாணவர்களுக்கு அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது. கற்றது, சாதாரணத் திரையில் செய்தபோது கற்றதைவிடக் குறைந்தது.

செக் எழுதுவதற்கு முன், கடைக்காரரை ஷோரூமில் டெமோ காட்ட விடாதீர்கள். உங்கள் வகுப்பறைக்கே காலை 11 மணிக்கு, ஜன்னல் திறந்திருக்க, கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபெட்டின் மின்சுற்று சிமுலேஷனைப் பென்டிரைவில் இறக்கி, நெட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாணவி கம்பியின் இரு முனையையும் பேட்டரியில் ஒட்டட்டும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எலக்ட்ரான் நகர்வது தெரிகிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரக் கணித, அறிவியல் ஆசிரியர்கள் சிலர்