மூன்றாம் மாதத்திலேயே அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் கை தூக்க வராமல் போவது நீங்கள் அறிந்ததுதான். கழுத்திலிருந்து தோளுக்கும் மேல்கைக்கும் போகும் சி5 என்ற நரம்பு செயலிழப்பதால் வருவது; பெரும்பாலோருக்குக் கையின் வலு தானாகவே திரும்பிவிடும். திரும்பாதவர்களுக்காகத்தான் இந்த மடல்.

பாம்பனில் நாட்டுப்படகுத் தொழில் பார்த்த என் அண்ணனுக்கு அப்படியோர் அறுவைக்குப் பின் வலது கை தோளிலிருந்து தொங்குகிறது. விரல்களில் குறை இல்லை. மடியில் வலையைப் போட்டால் கிழிசலை முடிந்து சரிசெய்துவிடுவார். அதே விரல்களால் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாது, முழங்கை மடங்காது. மதினிதான் ஊட்டுகிறார். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் "பசிக்கல" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். அறுவை செய்த மருத்துவமனையில் போகும்போதெல்லாம் கிடைத்த பதில், "விரல் அசையுதே, பொறுங்க, வந்துரும்."

ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்துவிட்டு, மதுரையில் நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். கைக்குப் போகும் அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நரம்போடு இணைத்தால் முழங்கை மடங்குமாம். 1994-இலேயே ஓபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய முறை அது. தோளைத் தூக்க, முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசைக்குப் போகும் நரம்புக் கிளையொன்றைத் தோள் தசைக்குத் திருப்பிவிடுவார்கள். ஆனால் நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கை செயலிழந்த நாளிலிருந்து 12 முதல் 18 மாதங்களுக்குள் வந்து சேராவிட்டால் தசை அதை ஏற்காது. "ஆறு மாதத்துக்குள் வந்திருக்கணும்" என்றார் அந்த மருத்துவர். அதை ஏன் எங்களிடம் யாரும் முன்பே சொல்லவில்லை?

மீன்கள் இனம் பெருக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறீர்கள். மீனுக்கு நாள் குறிக்கத் தெரிந்த அரசுக்கு மீனவன் கைக்கும் நாள் குறிக்க முடியும்.   

இப்போது கேட்பது ஒன்றுதான். கையின் வலு திரும்பாத நோயாளியை மூன்றாம் மாதத்திலேயே, தசைக்கு நரம்பின் தூண்டல் வருகிறதா என்று பார்க்கும் ஈ.எம்.ஜி சோதனைக்கும் நரம்பு அறுவை மருத்துவரிடமும் அனுப்புங்கள். அந்தத் தேதியையும் எங்கே போக வேண்டும் என்பதையும் வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு தங்கை