சிராங்கூன் சாலை டிக்கெட் ஏஜென்ட்டுகளுக்கு: திருச்சி எத்தனை மணி நேரம்?

மதிப்புக்குரிய பயண முகவர்களுக்கு, வணக்கம்.

ஊருக்குப் போக வேண்டுமென்றால் சிங்கப்பூரில் இருக்கும் எங்களில் பலர் இன்னும் சிராங்கூன் சாலைத் தேக்காவுக்கு வந்து உங்களிடம்தான் டிக்கெட் எடுக்கிறோம். விலையில் பத்து வெள்ளி (டாலர்) குறைத்துக் கொடுப்பதில் உங்களுக்கு இணையில்லை. பயண நேரத்தைச் சொல்வதில்தான் குறை.

திருச்சிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் திரையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறீர்கள். தூரம் காட்டும் வலைத்தளங்களில் அந்த எண் பெரும்பாலும் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேராகக் கோடு போட்டு, சராசரி வேகத்தால் வகுத்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கக் காத்திருப்பதும் அதில் சேராது. காற்றும் சேராது. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும்; கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் 1950களிலேயே ஆராய்ந்து எழுதிய விஷயம். அப்போது போகும்போது கொஞ்சம் சீக்கிரம், திரும்பும்போது கொஞ்சம் தாமதம். சரி, இந்தச் சில நிமிடங்களுக்காக நான் மடல் எழுதவில்லை.

சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே 2,900 கிலோமீட்டருக்கு மேல், 3,000-க்குள். நேரடி விமானத்தில் எதற்கும் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆக, திருச்சிக்காரருக்குச் சென்னை போகிற வழியில் இருக்கும் ஊர் இல்லை. "அங்கிருந்து ஒரு மணி நேரம்தான்" என்று சென்னை வழியாகப் போகும் மலிவு டிக்கெட்டைத் தள்ளிவிடும்போது, சென்னையிலேயே குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இரண்டு பெட்டியோடு தனியாகப் போகும் அம்மாக்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்தது கடிகாரம். மாலை 7 மணிக்குக் கிளம்பி இரவு 8.30-க்கு இறங்கும் என்று தாளில் இருந்தால், ஒன்றரை மணி நேரப் பயணம் என்றே பலர் நினைக்கிறார்கள். இந்திய நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. திரும்பும் பயணம் அதே கணக்கில் ஆறரை மணி நேரமாகத் தெரிகிறது. "விமானம் ரொம்ப மெதுவாக வந்தது" என்று என் அத்தை இன்றும் சொல்வார்.

ஆனால் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது தேதிதான். ஊரிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்துக்கு "14-ஆம் தேதி, 00:50" என்று அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமான நிலையம் போனார். கவுண்டரில் இருந்த பெண் தாளை அவர் பக்கம் திருப்பி, தேதியின்மேல் விரலை வைத்தாள். விமானம் முந்தின இரவே போய்விட்டது. புது டிக்கெட்டுக்கு அவர் கொடுத்தது, முதலில் போக வர இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகம்.

நீங்கள் கொடுக்கும் தாளிலேயே, "13-ஆம் தேதி இரவு 9.30-க்குள் விமான நிலையத்தில் இருக்கவும்" என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள். எந்த மணி எந்த நாட்டு நேரம் என்பதையும், வாசலுக்கு வாசல் மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாளின் கீழ்ப்பாதி முழுக்க உங்கள் கடை விளம்பரம்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்