நேரா வந்து நேரா போற மாதிரி ஒரு ஸ்லாட் கொடுங்க: சார்ஜிங் ஸ்டேஷன் கட்டறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார்ஜிங் ஸ்டேஷன் கட்டறவங்க, நடத்தறவங்க, அதுக்கு ப்ளான் வரையறவங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் எலக்ட்ரிக் பிக்கப் வெச்சு லோடு அடிக்கிறவன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோபா, சில நாள் டைல்ஸ், சில நாள் வீடு மாத்தற சாமான். பாதி நாள் பின்னாடி பாடியில மட்டும் லோடு இருக்கும், மீதி நாள் ட்ரெய்லரும் சேர்ந்துக்கும். பல வருஷம் டீசல் ஓட்டிட்டு இதுக்கு மாறுனவன். மாறுனதுல எனக்கு ஒரு துளி வருத்தம் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இப்படி ஒரு லெட்டர் எழுதுனா உடனே "பாத்தியா, எலக்ட்ரிக் எல்லாம் வேலைக்கு ஆகாது"ன்னு சொல்ல ஒரு கூட்டம் ரெடியா இருக்கு. வண்டி நல்லாவே வேலைக்கு ஆகுது. நீங்க கட்டி வெச்சிருக்க இடம் தான் ஆகல.

டெலிவரின்னா என்னங்க, நிறுத்தி நிறுத்தி போற வேலை. ஒரு தெருவுல நாலு வீடு, ஒவ்வொரு வாசல்லயும் பத்து நிமிஷம், நடுவுல சிக்னல், திருப்பம், ரிவர்ஸ். டீசல் வண்டிக்கு இந்த மாதிரி ஓட்டம் தான் மைலேஜை கொல்லும். இதுல அப்படியே தலைகீழ், பிரேக் பிடிக்கிற இடத்துல எல்லாம் மோட்டார் திருப்பி கரண்ட் போட்டு பேட்டரிக்கு அனுப்பிடுது, நிக்கறப்போ இன்ஜின் ஓடற செலவுன்னு ஒண்ணு கிடையாது, லோடு ஏத்திட்டு மேட்டுல நின்னு எடுத்தாலும் தொட்டவுடனே இழுக்குது, கிளட்ச் தேயற கதையே இல்ல. காலைல அஞ்சு மணிக்கு ஒருத்தர் வீட்டு வாசல்ல சாமான் இறக்குனா பக்கத்து வீட்ல தூக்கம் கலையாது. பாடியில எடை கூடுனா ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜ்ல போற தூரம், கொறையும் தான், ஆனா ஊருக்குள்ள அது பெருசா தெரியாது, ராத்திரி வீட்ல சார்ஜ் போட்டா அடுத்த நாளுக்கு போதும். உங்க ஸ்டேஷன் பக்கம் வர வேண்டிய அவசியமே வராது.

ட்ரெய்லர் மாட்டி ஹைவே ஏறுற நாள் தான் உங்க தயவு வேணும்.

அமெரிக்காவுல ரெண்டு எலக்ட்ரிக் பிக்கப், ரிவியன் ஆர்1டி 2021ல வந்துச்சு, ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 2022ல வந்துச்சு. முதல் வண்டி கிட்டத்தட்ட 5 டன் இழுக்கும், ரெண்டாவது நாலரை டன் வரைக்கும் இழுக்கும்னு கம்பெனியே எழுதி கொடுத்துது. இழுக்கவும் செய்யும், அதுல பொய் இல்ல. எவ்வளவு தூரத்துக்கு இழுக்கும்ங்கறது தான் கேள்வி. லைட்னிங்ல பெரிய பேட்டரின்னா 131 யூனிட், காலியா ஓட்டுனா சுமார் 500 கிலோமீட்டர் சொல்லுவாங்க. வண்டியை விட உயரமான பெட்டி ட்ரெய்லர் ஒண்ண மாட்டுங்க, அது பாதியா போயிடும். எந்த கம்பெனி எலக்ட்ரிக் பிக்கப்பா இருந்தாலும் இதே கதை தான். இதுக்கு காரணம் எடைன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இல்லங்க, காத்து. ஒரு செவுத்தை நிமித்தி வெச்சு காத்துக்குள்ள தள்ளிட்டு போற மாதிரி தான் அது. அதே எடைக்கு டைல்ஸை தாழ்வான ட்ரெய்லர்ல ஏத்திட்டு போனா இந்த அளவு அடி வாங்காது. வேகம் கூட கூட காத்து இன்னும் மோசமா எதிர்க்கும், 100ல போறதை 80க்கு கொறச்சா காத்தை தள்ள ஆகுற செலவு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூணுல ஒரு பங்குக்கு மேல கொறையும். அதனால தான் நாங்க ஓரமா மெதுவா போறோம், பின்னாடி வந்து ஹார்ன் அடிக்கிறவங்களுக்கு இது தெரியாது.

இப்போ கணக்கு பாருங்க. காலியா 400 கிலோமீட்டர் போற வண்டி ட்ரெய்லரோட 200 போகும். அந்த 200ஐ முழுசா ஓட்ட முடியாது, 15 பர்சென்ட் இருக்கறப்பவே அடுத்த சார்ஜருக்கு போய் சேர்ந்துடணும், போன இடத்துல சார்ஜர் வேலை செய்யலன்னா இன்னொண்ணு தேடணுமே. மேல 80 பர்சென்ட்டுக்கு அப்புறம் பேட்டரி ரொம்ப மெதுவா தான் வாங்கும், அங்கயே உக்காந்து 100 ஆக்கறது நேரத்துக்கு கட்டுபடி ஆகாது. ஆக கையில இருக்கறது 65 பர்சென்ட், அதாவது 130 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் ட்ரிப்புக்கு கார்காரர் எங்கயோ ஒரு தடவை நிறுத்துனா போதும், நான் ரெண்டு மூணு தடவை நிறுத்தணும். உங்க ஸ்டேஷன்ல அதிகமா நிக்கறதும் அதிகமா யூனிட் வாங்கறதும் எங்க மாதிரி ஆளுங்க தான். அப்படிப்பட்ட ஆளுக்கு உங்க இடத்துல வண்டி நிறுத்த வழி இல்ல.

பெட்ரோல் பங்க்கை யோசிச்சு பாருங்க. பம்ப் நடுவுல, வண்டி ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் போயிடும். பஸ், லாரி, ட்ரெய்லர் எது வந்தாலும் யாரும் ரிவர்ஸ் எடுக்க மாட்டாங்க. யார் முதல்ல வரைஞ்சாங்களோ தெரியாது, வேலை செய்யற வண்டியை மனசுல வெச்சு வரைஞ்சிருக்காங்க. சார்ஜிங் ஸ்டேஷன் மட்டும் கார் பார்க்கிங்கை பாத்து வரைஞ்சிருக்கு. மூக்கை உள்ள விட்டு நிறுத்தணும், முன்னாடி சிமெண்ட் கட்டை, ரெண்டு பக்கமும் இரும்பு கம்பம், ஸ்லாட் நீளம் 5 மீட்டர். எஃப்-150 லைட்னிங் மட்டுமே கிட்டத்தட்ட 6 மீட்டர்ங்க, ட்ரெய்லர் இன்னொரு 5, 6 மீட்டர். சார்ஜிங் போர்ட் முன்பக்கம் இருக்க வண்டின்னா மூக்கை விடலாம், ட்ரெய்லர் நடு வழியில நீட்டிட்டு நிக்கும், ஒருத்தரும் போக வர முடியாது. போர்ட் பின்பக்கம் இருந்தா கேக்கவே வேணாம், ரிவர்ஸ்ல தான் நிறுத்தணும், ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு அது எப்படிங்க முடியும்.

அப்போ என்ன பண்றோம்? கழட்டறோம். "கழட்டிட்டு சார்ஜ் போடுங்களேன்"னு கஸ்டமர் கேர்ல ஈஸியா சொல்லிட்டாங்க, அதனால அது என்னன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன். முதல்ல ட்ரெய்லருக்கு சமதளமா ஒரு இடம் தேடணும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வெக்கணும், ரெண்டு பக்கமும். லைட், பிரேக்குக்கு போற ஒயர் ப்ளக்கை பிடுங்கணும், பாதுகாப்பு சங்கிலியை அவுக்கணும், ட்ரெய்லர் மூக்குல இருக்க ஜாக்கியை சுத்தி சுத்தி இறக்கி, ஹிட்ச் குண்டுல இருந்து, அதாவது வண்டி பின்னாடி ட்ரெய்லர் உக்கார்ற இரும்பு உருண்டையில இருந்து, மூக்கை தூக்கணும். அப்புறம் வண்டியை மட்டும் கொண்டு போய் சார்ஜ் போட்டுட்டு, திரும்ப வந்து, குண்டு சரியா மூக்குக்கு கீழ வர்ற மாதிரி இஞ்ச் இஞ்ச்சா ரிவர்ஸ் எடுத்து, எல்லாத்தையும் மறுபடி மாட்டணும், லைட் எரியுதான்னு இறங்கி பாக்கணும். தனி ஆளுக்கு அரை மணி நேரம். சார்ஜ் ஏறற நேரம் இதுல சேரல.

இதுல வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாத ஒரு ஆபத்து இருக்கு. ட்ரெய்லர்ல லோடு ஏத்தறப்போ முன்பக்கம் கொஞ்சம் கனமா ஏத்துவோம், மொத்த எடையில பத்துல இருந்து பதினஞ்சு பர்சென்ட் ஹிட்ச் மேல உக்காரணும், இல்லன்னா ஓட்டத்துல வால் ஆட்டும். நடுவுல ரெண்டு டெலிவரி முடிச்சுட்டா அந்த கணக்கு மாறிடும், முன்னாடி இருந்த ஃப்ரிட்ஜ் இறங்கியிருக்கும், பின்னாடி சாமான் அப்படியே இருக்கும். வண்டியோட மாட்டியிருக்க வரைக்கும் ஹிட்ச் பிடிச்சு வெச்சுக்கும். அந்த நேரத்துல கழட்டுனா சீசா மாதிரி மூக்கு மேல எகிறும். ஒரு தடவை என் தாடைக்கு விரக்கடை தூரத்துல எகிறுச்சு. அதுக்கப்புறம் கழட்டறதுக்கு முன்னாடி உள்ள ஏறி சாமானை முன்னாடி நகத்தி கட்டாம ஜாக்கியை தொடறதில்ல, அது இன்னொரு கால் மணி நேரம்.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி, 11 பர்சென்ட்ல ஒரு ஸ்டேஷனுக்கு போய் சேர்ந்தேன். நாலு ஸ்லாட், நாலும் மூக்கு விடற டைப். ட்ரெய்லரை கழட்ட சிமெண்ட் தரையில எங்கயும் இடம் இல்ல, ஓரமா மண்ணுல விட்டேன். சார்ஜ் போட்டுட்டு உக்காந்திருக்கறப்போ மழை வலுத்துடுச்சு. திரும்பி வந்து பாத்தா ஜாக்கி சக்கரம் ஒரு முழம் மண்ணுக்குள்ள போயிடுச்சு, மூக்கு குண்டை விட கீழ கெடக்கு. தார்பாயை மடிச்சு முட்டி போட்டு, கையால சேத்தை தோண்டி, பலகை துண்டு ஒண்ணு சொருகி, ஜாக்கியை தூக்கறதுக்குள்ள ஒண்ணேகால் மணி நேரம். லைட்டு கூட அந்த மூலைல இல்ல, போனை வாயில கவ்விட்டு வேலை பாத்தேன். அன்னைக்கு புது வாஷிங் மெஷினுக்கு காத்துட்டு இருந்த அந்த அம்மா கைக்குழந்தைக்காரங்க, பத்தரை மணிக்கு போன் பண்ணி "நாளைக்கு வாங்க தம்பி, நாங்க படுத்துட்டோம்"னு சொன்னாங்க. கோபமா கூட சொல்லல. அது தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இன்னொரு நாள் கழட்ட தெம்பு இல்லாம மூணு ஸ்லாட்டை மறிச்சு குறுக்க நிறுத்திட்டேன், ஆள் இல்லாத நேரம் தானேன்னு. இருபது நிமிஷத்துல ஒரு கார் வந்துச்சு, உள்ள பெரியவர் ஒருத்தர், பின்னாடி பசங்க, 4 பர்சென்ட் தான் இருக்குன்னாங்க. பாதியில பிடுங்கிட்டு வெளிய வந்துட்டேன். அவங்க மேல தப்பு இல்ல, என் மேலயும் முழு தப்புன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேரையும் அப்படி எதிரெதிரா நிக்க வெச்சது அந்த தரையில போட்டிருந்த வெள்ளை கோடு.

பெரிய லாரிகளுக்குன்னு மெகாவாட் சார்ஜிங் சிஸ்டம்னு ஒண்ணு 2022ல ஆஸ்லோவுல அறிமுகப்படுத்துனாங்க, அந்த ப்ளக்கே வேற, எங்க வண்டியில மாட்டாது. லாரிக்கு லாரி இடம் வருது, காருக்கு கார் இடம் இருக்கு. நடுவுல இருக்க பிக்கப், வேன், ட்ரெய்லர்காரங்களை யாரும் கணக்குல எடுத்துக்கல.

நான் கேக்கறது பெருசா இல்லங்க. ஹைவே ஓரமா கட்டற ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரே ஒரு ஸ்லாட், ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போற மாதிரி, 13 மீட்டருக்கு கொறையாம. இடம் கொறைவா இருந்தா பக்கவாட்டு ஓரத்துல பஸ் ஸ்டாப்பில பஸ் அணையற மாதிரி வண்டி அணையட்டும், கம்பம் ஓரத்துல நிக்கட்டும், கேபிள் மட்டும் நீளமா கொடுங்க, போர்ட் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மூலைல இருக்கு. ட்ரெய்லர் வராத நேரத்துல கார்காரங்களும் அதுல போட்டுக்கட்டும், யாரும் வேணாம்னு சொல்லல. சில நெட்வொர்க்காரங்க இத ஏற்கனவே சில இடத்துல செஞ்சிருக்காங்க, அந்த மாதிரி ஒரு ஸ்டேஷனுக்கு போனப்போ இறங்கி ப்ளக்கை சொருகிட்டு கை கழுவ போனேன், அவ்வளவு தான் வேலை, திரும்பி வர்றப்போ தான் எவ்வளவு நாளா தேவையில்லாம முதுகை ஒடிச்சிருக்கோம்னு தோணுச்சு. ப்ளான் பேப்பர்ல இருக்கறப்போ இது நாலு கோடு மாத்தற வேலை. தரையை தோண்டி கேபிள் பதிச்சு கான்கிரீட் போட்டதுக்கு அப்புறம் மாத்தணும்னா எவ்வளவு செலவுன்னு என்னை விட உங்களுக்கு நல்லா தெரியும், அதனால தான் இப்பவே கேக்கறேன்.

ஏற்கனவே கட்டுன இடங்கள்ல கடைசி ஸ்லாட் முன்னாடி இருக்க சிமெண்ட் கட்டையை மட்டும் எடுத்து பாருங்க, பல இடத்துல அதுவே போதும், முன்னாடி காலி தரை தான் இருக்கு. கூரை போட்டிருந்தா அதோட உயரத்தை நுழையற இடத்துலயே பெருசா எழுதுங்க, நிமித்தி கட்டுன ஃப்ரிட்ஜோட உள்ள வந்துட்டு திரும்ப முடியாம நின்னவங்க இருக்காங்க. ஆப்ல "ட்ரெய்லரோட வரலாம்"னு ஒரு குறி போடுங்க, இடத்தோட போட்டோ ஒண்ணு போடுங்க, எங்களுக்கு கிலோவாட் நம்பரை விட அந்த போட்டோ முக்கியம். ஒரு மெஷின்ல இருக்க ரெண்டு சார்ஜிங் கன் ஒரே பவரை பங்கு போடுதுன்னா அதையும் சொல்லுங்க, 60 யூனிட் ஏத்த 100 கிலோவாட்ல 36 நிமிஷம், பக்கத்துல ஒருத்தர் சொருகுனவுடனே அது 50 ஆச்சுன்னா 72 நிமிஷம், கஸ்டமருக்கு எந்த நேரம் சொல்றது நான்?

மலை ரோட்டுல வெக்கறதா இருந்தா அடிவாரத்துல வைங்க. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 4 டன்னுன்னா 500 மீட்டர் உயரம் ஏற மட்டும் தனியா அஞ்சு யூனிட்டுக்கு மேல போகும், இறங்கறப்போ அதுல பெரும்பங்கு திரும்ப கிடைக்கும், ஆனா உச்சியில சார்ஜ் ஏத்தி பேட்டரி ஃபுல்லா இருந்தா திரும்ப வர்ற கரண்ட் போக இடம் இல்ல, முழு லோடோட வெறும் பிரேக்கை நம்பி இறங்கணும்.

புதுசா எங்கயாவது ஸ்டேஷன் ப்ளான் போட்டீங்கன்னா சுண்ணாம்பு கோடு கிழிச்சுட்டு ஒரு தகவல் கொடுங்க. கான்கிரீட் கொட்டறதுக்கு முன்னாடி நான் ட்ரெய்லரை மாட்டிட்டு வர்றேன். உள்ள விட்டு, போர்ட் வரைக்கும் கேபிள் எட்டுதான்னு பாத்து, வெளிய எடுத்து காட்டறேன். எங்க இடிக்குதோ அங்க கோட்டை அழிச்சு போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு லோடு இருக்காது, எந்த நேரமா இருந்தாலும் வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரிக் பிக்கப் ஓட்டுனர்