சமாதானம் பேசச் சொன்ன மகனுக்கு

தங்கச்சிமடம்

அன்புள்ள ஜெரோமுக்கு,

மாமாவைக் காரால் இடித்த உன் சினேகிதன் வீட்டாரோடு சமாதானமாகப் போய்விடலாமே என்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் மாமா படுத்திருந்தார். காலில்தான் அடி, காது நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அவர்கள் தரும் ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு, வழக்கு வேண்டாம் என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்க மாட்டோம். உன் சினேகிதன் வீட்டாரிடம் இதை நீயே சொல்லிவிடு.

அவன் கெட்ட பையன் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் மண்டபத்தில் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, அந்த இரவில் காரை எடுத்துப் பாம்பன் பாலம் ஏறி வந்திருக்கிறான். காற்று வீசும் நாளில் தெளிவாக இருப்பவனே அங்கே வேகத்தைக் குறைப்பான். அக்காள்மடம் பக்கத்தில், மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மாமாவைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினான். வழியில் வந்த யாரோ ஒரு புண்ணியவான்தான் 108-க்குப் பேசினார். இடித்தவனை அதற்குள் உறவுக்காரர்கள் கூட்டிப்போய்விட்டார்கள். மறுநாள் மதியம்தான் ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஏன் மதியம் வரை வைத்திருந்தார்கள்? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த அளவு மணிக்கு மணி இறங்கிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் சாட்சி அழிந்தால் வழக்கும் அழிந்துவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்படி அழியாது. ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அங்கே இலவசமாக ஒரு வக்கீல் அம்மாவை அமர்த்திக்கொடுத்தார்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இந்த உதவி உண்டாம். அந்த அம்மா விளக்கியபோதுதான் எனக்குத் தெம்பு வந்தது. இழப்பீடு கேட்க, குடித்திருந்தான் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. கவனமில்லாமல் ஓட்டி இடித்தான் என்றால் போதும். கிரிமினல் வழக்கு வேறு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனு வேறு.

"அந்தக் குடும்பம் தாங்காது" என்றாய். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஓட்டியவன் குடித்திருந்தான் என்று கம்பெனி கையை விரித்தாலும், அடிபட்டவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று பல வழக்குகளில் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. அந்த வசூலுக்குப் பயந்துதான் நம் வாசலுக்குப் பழக்கூடையோடு வருகிறார்கள். பழத்தை உன் தங்கை சாப்பிடுகிறாள், நான் தொடுவதில்லை.

மாமாவின் நிலைமை உனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருக்கிறார்கள், கணுக்கால் மடங்கவில்லை. திண்ணையிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். வலது காலை முதலில் நீட்டிவிட்டு, அது தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் இடது காலை இறக்குகிறார். அசையாத திண்ணையிலேயே இப்படி என்றால், ஆடுகிற வள்ளத்தில் நின்று எப்படி வலை இழுப்பார்? மருத்துவக் குழு காலுக்கு ஏதோ ஒரு சதவீதம் எழுதித் தரும். ஆனால் காலின் ஊனம் எவ்வளவு என்பது வேறு, பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு, அவரவர் தொழிலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. கடலுக்குப் போகிறவனுக்கும் மேஜையில் எழுதுகிறவனுக்கும் ஒரே கால் ஒரே கணக்கு இல்லை. இதையெல்லாம் ஒரு லட்சத்தில் அடைக்கப் பார்க்கிறாயே.

கோர்ட் இழுத்தடிக்கும் என்பது உண்மைதான். அதற்காக மனுவே போடாமல் இருந்தால் யாருக்கு லாபம்? விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. பேச்சு, பேச்சு என்று நாளைக் கடத்துவதை நிறுத்தச் சொல்.

ஆஸ்பத்திரியிலேயே ஒரு புரோக்கர் வந்து வக்கீலை அமர்த்தக் கையெழுத்துப் போடும் வக்காலத்துத் தாளை, ஒன்றும் எழுதாமல் வெறுமையாக நீட்டினான், வருகிற பணத்தில் பங்கு வேண்டுமாம். வக்கீல் அப்படிப் பங்கு பேசுவதே விதிப்படி தப்பு. உன் அப்பா அவனை அனுப்பிய விதத்தை இங்கே எழுத முடியாது.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் சனிக்கிழமைகளில் "அளவாக"க் குடித்துவிட்டு பைக்கில் ரூமுக்குத் திரும்புவதாகக் கேள்விப்பட்டேன். மோர் குடித்தாலும் தலைக்குக் குளித்தாலும் போதை இறங்காது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், நேரம் ஆகத்தான் வேண்டும். ஆட்டோவுக்குக் காசு இல்லையென்றால் கேள், அனுப்புகிறேன்.

மாமாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவான வங்கிப் புத்தகம், மீனவர் சங்க உறுப்பினர் அட்டை இவற்றை வைத்துத்தான் அவர் மீனவர் என்று காட்ட வேண்டும். போன கோடையில் நீ அவற்றை போனில் படம் எடுத்தாய். அட்டை மொபெட் பையோடு தொலைந்துவிட்டது. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறோம், அதற்கு முன் அந்தப் படங்களை உன் தங்கை நம்பருக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா